ஆன் ஈட்டனைத் தேடிப் போனேன்: அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ் சந்தா வாங்கலாமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். 1600களில் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்த ஒருவரின் குடும்பத்தைத் தேடுகிறீர்கள் என்றால், அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ் என்ற வம்சாவளித் தளத்தின் ஆண்டுச் சந்தா கொடுத்த காசுக்குத் தகும். தேடுவது ஒரு பெண்ணை என்றாலும் தகும். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பாதி ஆள்தான் கிடைப்பாள். மீதிப் பாதியை எங்கே எடுப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தத் தளத்தை நடத்துவது பாஸ்டனில் நியூபரி தெருவில் இருக்கும் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம். 1845இல் தொடங்கியது. அமெரிக்காவில் இந்த வகைச் சங்கங்களிலேயே மூத்தது. 1847 முதல் 'ரெஜிஸ்டர்' என்ற காலாண்டிதழை விடாமல் வெளியிட்டு வருகிறார்கள். அந்த இதழ் முழுவதும், அதோடு பல பழைய ஊர்ப் பதிவேடுகளும் ஆய்வு நூல்களும் சந்தாதாரருக்குத் திறந்திருக்கின்றன. கட்டணமில்லாத விருந்தினர் கணக்கும் உண்டு. அதில் சில தொகுப்புகளை மட்டும் பார்க்கலாம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்தவள், அது உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்த காலத்தில். வளாகத்துக்குள் கூர்நுனிக் கோபுரம் வைத்த பழைய கல்லறை ஒன்று உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகையும் பக்கத்தில் இருக்கும். சட்டக் கல்லூரி எழுந்த அந்த நிலம்தான் சென்னையில் ஆங்கிலேயரின் முதல் இடுகாடு. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த கல்லறைகளை மறைவாக வைத்துக்கொண்டு சுட்டார்கள். அதனால் பிறகு கல்வெட்டுக் கற்களையெல்லாம் பெயர்த்து, கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்துவிட்டார்கள். அப்படிப் பெயர்க்காமல் விட்டவற்றில் ஒன்றுதான் இந்தக் கல்லறை. ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியும், சிறு வயதிலேயே இறந்துபோன டேவிட் யேல் என்ற பையனும் அதில் இருக்கிறார்கள். பையனின் அப்பா எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னையின் கவர்னர். அவர் பெயரைத்தான் யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது.

கல்யாணமாகி நான் வந்து குடியேறியது அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவனுக்குப் பக்கத்து ஊரில். எலிஹு யேல் 1649 ஏப்ரல் 5 அன்று பாஸ்டனில் பிறந்தவர் என்பது ஓரளவு தெரிந்த சங்கதி. அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி இந்த நியூ ஹேவனில், இதே கிரீன் மைதானத்துக்கு அருகே குடியிருந்தவள் என்பதும், திருச்சபை விசாரணையில் நிறுத்தப்பட்டு வெளியேற்றப்பட்டவள் என்பதும் இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சென்னையில் மண்ணுக்குள் போன அந்தப் பையனுக்குக் கொள்ளுப்பாட்டி. அவள் பெயர் ஆன். அவளைத் தேடத்தான் சந்தா கட்டினேன்.

ஆளை அறிமுகப்படுத்திவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் தேடலின் சிக்கல் புரியாது. பிறந்தபோது ஆன் லாயிட். அப்பா ஜார்ஜ் லாயிட், 1605 முதல் 1615 வரை செஸ்டரின் பிஷப். முதல் கணவர் தாமஸ் யேல் 1619இல் இறந்துவிடுகிறார். டேவிட், ஆன், தாமஸ் என்று மூன்று பிள்ளைகள். பிறகு மனைவியை இழந்த தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரை மணக்கிறாள். அவருக்கு மூத்த தாரத்தில் மேரி என்று ஒரு மகள். 1637 ஜூனில் ஹெக்டர் என்ற கப்பலில் பாதிரியார் ஜான் டேவன்போர்ட்டின் கூட்டத்தோடு பாஸ்டன் வந்து இறங்குகிறார்கள். மறு ஆண்டு வசந்தத்தில் குவின்னிபியாக் துறைமுகத்துக்குப் போய் நியூ ஹேவனை அமைக்கிறார்கள். 1639இல் ஈட்டன் கவர்னர் ஆகிறார், 1658 ஜனவரியில் சாகும்வரை அவர்தான் கவர்னர். கணவர் போன பிறகு ஆன் இங்கிலாந்து திரும்பி, 1659இல் இறக்கிறாள்.

இப்போது தேடும் பெட்டியில் 'ஆன் லாயிட்' என்று போட்டுப் பாருங்கள். அநேகமாக வெறுங்கை. அந்தக் காலப் பதிவேடுகளில் பெண் என்பவள் ஒருவரின் மனைவி, ஒருவரின் விதவை, அல்லது வெறும் 'திருமதி ஈட்டன்'. ஆகவே கணவர்களின் பெயரிலும் பிள்ளைகளின் பெயரிலும் மருமகன்களின் பெயரிலும்தான் தேட வேண்டும். இது தளத்தின் குறையல்ல, பதிவேடுகள் எழுதப்பட்ட விதம் அப்படி. முதல் முறை வருகிறவர்கள் தேடிய பெயரில் ஆள் இல்லை என்று சோர்ந்து போய் விலகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு முன்பு வேறொரு பெரிய குடும்ப மரத் தளத்தில் இலவச மாதத்துக்குச் சேர்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஆன் ஈட்டன் எனக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டாள். கிடைத்தவள் யார் என்பதுதான் பிரச்சினை. ஒரு மரத்தில் அவள் பிஷப் தாமஸ் மார்ட்டனின் மகள். இன்னொன்றில் தாயும் மகளும் ஒரே ஆளாகிவிட்டார்கள்: இருவர் பெயரும் ஆன் அல்லவா, யாரோ இணைத்துவிட, நூறு பேர் அதைப் பார்த்து நகலெடுத்திருக்கிறார்கள். அதனால் 1659இல் லண்டனில் இறந்தவள் 1698இலும் ஒரு முறை இறக்கிறாள். ஆதாரம் எது என்று சொடுக்கினால் இன்னொரு மரத்துக்குப் போகிறது, அங்கே சொடுக்கினால் மீண்டும் முதல் மரம். மார்ட்டன் கதை பழைய அச்சு வம்சாவளிகளிலிருந்தே வருகிற ஒன்று. மார்ட்டன் செஸ்டரின் பிஷப்பாக இருந்தது 1616இலிருந்து 1619 வரை, அதாவது லாயிட்டுக்கு அடுத்து வந்தவர். 'செஸ்டர் பிஷப்பின் மகள்' என்ற குறிப்பை வைத்துக்கொண்டு தவறான பிஷப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். சட்டம் படித்தவளுக்கு இது தாங்கவில்லை. கேட்டவர் சொன்னதைக் கேட்டவர் சொன்னது எல்லாம் சாட்சியம் ஆகாது.

அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ் எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். ஒரு தகவல் எந்த ஏட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டுகிறார்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்று வெறுமையாக விட்டுவைக்கிறார்கள். அந்த வெறுமைக்காகவே காசு கொடுக்கலாம்.

குறிப்பாக இரண்டு தொகுப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது கிளாரன்ஸ் டோரியின் திருமணப் பட்டியல். 1700க்கு முன் நியூ இங்கிலாந்தில் வாழ்ந்த தம்பதிகளை வாழ்நாள் முழுக்கத் தேடித் தொகுத்தவர். ஏறத்தாழ 37,000 தம்பதிகள். ஊரில் நடந்த கல்யாணங்கள் மட்டுமல்ல, இங்கிலாந்திலேயே மணமுடித்துவிட்டுக் கப்பலேறி வந்தவர்களும் உண்டு. ஒவ்வொரு வரியிலும் கணவர் பெயர், மனைவி பெயர், அவள் பிறந்த வீட்டுப் பெயர் தெரிந்தால் அடைப்புக்குறிக்குள், விதவையாக இருந்து மறுமணம் செய்தவள் என்றால் முந்தைய கணவரின் குடும்பப் பெயரும். அதன் பின்னால் நீளமாகச் சுருக்கெழுத்துகள், அவைதான் ஆதார நூல்கள். பெண்ணைத் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் இது. மூன்று குடும்பப் பெயர்களைச் சுமந்த ஆனைப் போன்றவளை ஒரே வரியில் கட்டித் தருகிற வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

இரண்டாவது, இந்தச் சங்கத்தின் பெருமை என்றே சொல்லத்தக்க 'கிரேட் மைக்ரேஷன்' ஆய்வுத் திட்டம். 1988இல் ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் தொடங்கினார். 1620 முதல் 1640 வரை வந்து சேர்ந்தவர்கள் சுமார் 20,000 பேர். அவர்களைக் குடும்பம் குடும்பமாக எடுத்து, அதுவரை அச்சில் வந்த எல்லாவற்றையும் மூல ஏடுகளோடு ஒப்பிட்டு, தேறியதை மட்டும் எழுதினார். ஒவ்வொரு கட்டுரையும் ஒரே அமைப்பு: எங்கிருந்து வந்தார், எந்த ஆண்டு, எங்கே குடியேறினார், பிறகு எங்கே பெயர்ந்தார், தொழில், சபை உறுப்பு, படிப்பு, வகித்த பதவிகள், சொத்து, பிறப்பு, இறப்பு, திருமணம், பிள்ளைகள், யாரோடு தொடர்பு. 'படிப்பு' என்ற தலைப்பை மட்டும் கவனித்துப் படியுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரா, கீறல் வைத்தாரா என்று குறித்திருப்பார்கள். மனைவி கீறல் வைத்திருந்தால் அதையும் சொல்வார்கள். பல பெண்களைப் பற்றி அவளாகவே ஒரு காகிதத்தில் விட்டுச் சென்ற ஒரே தடயம் அந்தக் கீறல்.

ஆனால் ஆனைத் தேடுகிறவர் இங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். முதல் வரிசை 1633 வரை, இரண்டாம் வரிசை 1634-35 என்று முழு நீளக் கட்டுரைகள் முடிந்து நின்றன. அதன்படி 1630இல் வந்த கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட், 1634இல் வந்து பிறகு நாடுகடத்தப்பட்ட ஆன் ஹட்சின்சன் ஆகியோரின் குடும்பங்கள் முழுதாகக் கிடைக்கும், அவையும் சைமன் பிராட்ஸ்ட்ரீட், வில்லியம் ஹட்சின்சன் என்ற தலைப்புகளின் கீழே. 1637இல் ஹெக்டரில் வந்தவர்கள் அந்த வரிசைகளுக்கு வெளியே. அவர்களுக்கு 2015இல் வந்த வழிகாட்டித் தொகுதியில் சுருக்கக் குறிப்புதான்: பெயர், ஊர், ஆண்டு, எந்த நூல்களைப் பார்க்கலாம் என்ற பட்டியல். அந்தப் பட்டியலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எனக்கு வழி திறந்தது அதில்தான். யேல் குடும்பத்தைப் பற்றி வந்தவற்றில் எதை நம்பலாம் என்று முப்பது நாற்பது நூல்களிலிருந்து வடிகட்டி இரண்டு வரியில் சொல்லிவிடுகிறார்கள்.

நியூ ஹேவன் வம்சங்களுக்கு டொனால்ட் லைன்ஸ் ஜேகபஸ் தான் கடைசி வார்த்தை. அந்தக் குடும்பங்களின் வம்சாவளியை 1922 முதல் 1932 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஆனின் இளைய மகன் தாமஸ் யேல் இங்கேயே தங்கி, கேப்டன் நதானியேல் டர்னரின் மகள் மேரியை மணந்தார். 1646 ஜனவரியில் நியூ ஹேவனிலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பிய கப்பலோடு கடலில் காணாமல் போனவர் அந்த டர்னர். அமெரிக்காவில் யேல் என்ற குடும்பப் பெயரோடு இருக்கும் பழைய கிளை இந்தத் தாமஸின் வழி. எலிஹு யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே தவிர, இங்கே சந்ததி விடவில்லை. ஈட்டன் வழியில் பிறந்த மகள் ஹன்னா, வில்லியம் ஜோன்ஸை மணந்து 1660இல் நியூ ஹேவனுக்கே திரும்பி வந்தாள். இதெல்லாம் பக்கங்களைப் புரட்டி அரை நாளில் கட்டிவிடலாம்.

இத்தனையும் கிடைத்த பிறகும் ஆன் எப்படிப்பட்டவள் என்று ஒரு வரி தெரியாது. பிறப்பு, இரண்டு கல்யாணம், பிள்ளைகள், இறப்பு, அவ்வளவுதான். இதற்கு மேல் தளத்தின் கை நீளாது. நிபுணரிடம் கேள்வி அனுப்பும் வசதி ஒன்று வைத்திருக்கிறார்கள். சபை ஏடுகளைப் பார்க்கச் சொல்லி, அவை எங்கே அச்சாகியிருக்கின்றன என்றும் குறிப்பிட்டுப் பதில் போட்டார்கள். நல்ல ஆலோசனை. அங்கிருந்து நான் போனது விட்னி அவென்யூவில் இருக்கும் நியூ ஹேவன் அருங்காட்சியகத்தின் நூலகத்துக்கு.

கிரீனில் இருக்கும் முதல் சபையின் ஏட்டில் 'திருமதி ஈட்டனின் விசாரணை' முழுதாக இருக்கிறது. பிற்காலத்தில் அதே சபையின் பாதிரியாராக இருந்த நியூமன் ஸ்மித் அதை எடுத்து எழுதி, 1894இல் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சிட்டார். பதிப்புரிமைக் காலம் தாண்டிய நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆன் ஈட்டனுக்கு ரத்தமும் சதையும் கிடைப்பது இந்த ஏட்டில்தான்.

விஷயம் ஞானஸ்நானத்தில் தொடங்குகிறது. லேடி டெபோரா மூடி என்ற பெண்மணி, கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வேதத்தில் இல்லை என்று நம்பியவர், மாசசூசெட்ஸில் இருக்க முடியாமல் லாங் ஐலண்டுக்குப் போனவர். அவரிடமிருந்து அந்தக் கொள்கையைப் பேசும் புத்தகம் ஒன்றை ஆன் வாங்கிப் படிக்கிறாள். பிறகு சபையில் ஞானஸ்நானம் நடக்கும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறாள். கவர்னரின் மனைவி, எல்லார் கண் முன்னாலும். டேவன்போர்ட் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்து, பிரசங்க மேடையிலிருந்தே மறுப்புச் சொல்கிறார். அவள் அசையவில்லை.

கொள்கையில் அசைக்க முடியவில்லை என்றதும் வீட்டுக்குள் வருகிறார்கள். யார் யாரோ வந்து சொன்ன குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக ஏட்டில் ஏறுகின்றன. சாப்பாட்டு மேசையில் மாமியாரை முகத்தில் அறைந்தாள், கணவர் அவள் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மூத்த தாரத்து மகள் மேரியைக் கறுத்துப்போகும்படி கிள்ளினாள். வேலைக்காரர்களைப் பழித்தாள். மாமியார், மூத்தாள் மகள், தன் முதல் கணவர் பிள்ளைகள், இரண்டாம் கணவர் பிள்ளைகள், வேலையாட்கள் என்று அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ். நம் ஊரில் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சமையலறையின் சூடு இந்தப் பக்கங்களில் தெரியும். அவள் அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சட்டம் படித்த கண்ணோடு ஒன்றைக் கவனித்தேன்: இந்தச் சம்பவங்கள் விசாரணைக்கு வந்தது, அவள் சபையிலிருந்து எழுந்துபோகத் தொடங்கிய பிறகுதான். குற்றப்பத்திரிகையின் வரிசையைப் பார்த்தாலே வழக்கு எதைப் பற்றியது என்று புரிந்துவிடும்.

1644இல் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். 1645 மே மாதம் சபையிலிருந்து விலக்கினார்கள். அதன் பிறகும் அதே ஊரில், அதே வீட்டில், டேவன்போர்ட்டின் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்திலேயே, கவர்னரின் மனைவியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள்.

அந்தக் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே ஒரு வரி. பியர் காய்ச்சும்போது மாவுக் கரைசலிலிருந்து சாறு இறங்கவில்லை. அந்தோணி சூனியம் வைத்துவிட்டான், அதனால்தான் இறங்கவில்லை என்று ஆன் சொன்னாளாம். அந்தோணி ஈட்டன் வீட்டில் இருந்த ஆப்பிரிக்கர். ஏடு அவரை நிறத்தைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறது. குடும்பப் பெயர் கிடையாது. 1640களில் நியூ ஹேவனில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கு, வீட்டுக்காரியின் வழக்கில் தற்செயலாக விழுந்த இந்த வரி ஒரு சாட்சி. வம்சாவளித் தளங்களில் ஈட்டன் வீட்டுக்குள் போகிற நூற்றுக்கணக்கான மரங்களில் ஒன்றில்கூட அந்தோணியை நான் பார்க்கவில்லை. இதே சங்கம் 2023இல் 'பத்து மில்லியன் பெயர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்க மண்ணில் அடிமையாக வைக்கப்பட்டவர்களின் பெயர்களை இப்படிப்பட்ட ஏடுகளிலிருந்து மீட்டு, அவர்களின் சந்ததியினர் தேடிக் கண்டுபிடிக்கும்படி சேர்ப்பது நோக்கம். அந்தப் பகுதி இலவசம். என் சந்தாப் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும் என்றே நினைக்கிறேன். சென்னையிலிருந்து வந்தவள் என்பதால் இது எனக்கு இன்னும் உறைக்கிறது. ஆனின் பேரன் எலிஹு கவர்னராக இருந்த காலத்தில் நம் கடற்கரையிலிருந்தும் மனிதர்களைக் கப்பலில் ஏற்றி விற்றார்கள். அவர்களின் பெயரை எந்த ஏட்டில் தேடுவது?

மகள் ஆனைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் குடும்ப வரலாறு என்ற வேலையின் பலன் அங்கேதான் கைக்கு வந்தது. அவள் கனெக்டிகட் கவர்னராக இருந்த எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. 1645 ஏப்ரலில், அப்போது மாசசூசெட்ஸின் துணைக் கவர்னராக இருந்த ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் அவளைப் பற்றி எழுதுகிறார்: பக்தியும் திறமையும் உள்ள இளம்பெண், பல புத்தகங்கள் எழுதியவள், படிப்பதிலும் எழுதுவதிலுமே மூழ்கிப்போனதால் புத்தி பேதலித்துவிட்டது. வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு, ஆண்களுக்கு உரியதில் தலையிடாமல் இருந்திருந்தால் அறிவு தப்பியிருக்கும் என்பது அவர் தீர்ப்பு. பாஸ்டனில் வைத்தியம் பார்ப்பதற்காக வணிகர் யேல் என்ற சகோதரன் வீட்டில் அவளை விட்டுப் போனார்கள் என்றும் எழுதுகிறார். அந்தச் சகோதரன் டேவிட் யேல், எலிஹுவின் அப்பா.

தேதிகளைப் பாருங்கள். ஏப்ரலில் மகள் பாஸ்டனில், மே மாதம் தாய்க்கு நியூ ஹேவனில் தண்டனை. வின்த்ராப்பின் நாட்குறிப்பைப் படிக்கிறவர் தாயின் வழக்கைப் பார்ப்பதில்லை, சபை ஏட்டைப் படிக்கிறவர் மகளைப் பார்ப்பதில்லை. ஈட்டன், ஹாப்கின்ஸ், யேல் என்று மூன்று பெயர்களில் பிரிந்து கிடப்பதால் யாருக்கும் இது ஒரே குடும்பத்தின் ஒரே வசந்தம் என்று தோன்றுவதில்லை. டோரியின் வரியையும் ஜேகபஸின் பக்கத்தையும் அருகருகே திறந்து வைத்த அன்றுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. தாய் ஒரு புத்தகத்தைப் படித்ததற்காகச் சபைக்கு வெளியே போனாள், மகள் புத்தகம் எழுதியதால்தான் பைத்தியமானாள் என்று ஊர் சொன்னது. அந்த மகள் அதற்குப் பிறகும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்து 1698இல் இங்கிலாந்தில் இறந்தாள். மகன் டேவிட் மறு ஆண்டே, 1646இல், ராபர்ட் சைல்டோடு சேர்ந்து மாசசூசெட்ஸ் அரசின் சபைக் கட்டுப்பாடுகளை எதிர்த்த மனுவில் கையெழுத்திட்டு வம்பில் மாட்டினார். 1652 வாக்கில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கே போய்விட்டார், எலிஹு மூன்று வயதுப் பிள்ளை. இந்தக் குடும்பம் ஏன் புதிய நாட்டில் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

தேதி பற்றி ஒரு எச்சரிக்கை. 1752 வரை ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே தியோஃபிலஸ் ஈட்டன் இறந்தது 1657 ஜனவரி என்று ஏட்டில் இருக்கும், நம் கணக்கில் 1658. நல்ல தளங்கள் இரண்டையும் போடும். மாதத்தை எண்ணாக எழுதியிருந்தால் 'முதல் மாதம்' என்பது மார்ச். ஆதாரமில்லாத மரங்களில் பிள்ளை தாயின் கல்யாணத்துக்கு முன்பே பிறந்துவிடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இங்கிலாந்துப் பகுதிக்கு இந்தச் சந்தா அரைகுறைதான். பழைய 'ரெஜிஸ்டர்' இதழ்களில் ஹென்றி வாட்டர்ஸ் 1883 முதல் லண்டனில் உட்கார்ந்து எடுத்து எழுதிய உயில் சுருக்கங்கள் இருக்கின்றன, அவை பொக்கிஷம். மூல உயில்களுக்கு லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம் வேண்டும். சென்னைப் பகுதிக்கு இங்கே எதுவும் கிடையாது, எதிர்பார்க்கவும் கூடாது. எலிஹு யேல், ஜோசப் ஹின்மர்ஸின் விதவை கேதரினை 1680 நவம்பர் 4 அன்று மணந்தது புனித மேரி தேவாலயப் பதிவேட்டின் முதல் திருமணம். கோயில் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கல்லறையில் ஹின்மர்ஸும் யேலின் பையனும் ஒன்றாக இருப்பதன் காரணமும் அதுவே.

யார் வாங்கலாம்? மருமகனோ மருமகளோ நியூ இங்கிலாந்துப் பழைய குடும்பத்திலிருந்து வந்து, பேரப்பிள்ளைகளுக்கு இரு பக்க வம்சத்தையும் எழுதிவைக்க நினைக்கிற நம்மவர்கள் இங்கே நிறைய. அவர்கள் ஓராண்டு வாங்கலாம். யோசிக்க வேண்டாம். அயர்லாந்திலிருந்தோ இத்தாலியிலிருந்தோ 1800களின் கடைசியில் வந்த குடும்பம் என்றால் முதலில் ஃபேமிலி சர்ச் என்ற வம்சாவளித் தளம் போதும், அது முழுக்க இலவசம், கணக்கு மட்டும் தொடங்கினால் சரி.

காசு கொடுப்பதற்கு முன் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பல நூலகங்கள் இந்தத் தளத்துக்குச் சந்தா வைத்திருக்கின்றன, அங்கே உள்ள கணினியில் உட்கார்ந்து பார்க்கலாம். வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டால் செலவு குறையும்: நியூ ஹேவன் காலனி ஏடுகளை ஹோட்லி 1857-58இல் அச்சிட்டது, ஜேம்ஸ் சாவேஜின் நான்கு தொகுதி வம்சாவளி அகராதி, ஸ்மித்தின் விசாரணைப் பிரதி ஆகியவற்றை முதலில் இலவசமாகப் படித்துக் குறிப்பெடுத்துவிடுங்கள். சாவேஜ் 1860களின் நூல், தவறுகள் உண்டு, ஆனாலும் வரைபடம் போல உதவும். பிறகு டோரி, கிரேட் மைக்ரேஷன், ஜேகபஸ், 'ரெஜிஸ்டர்' இதழ் நான்குக்கும் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு சந்தாவைத் தொடங்குங்கள். தேடும் பெட்டியில் பெயரைப் போட்டுவிட்டு நிற்காமல், தொகுப்பைத் தனியாகத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பெண்கள் அட்டவணையில் இல்லாமல் பத்திக்குள் இருப்பார்கள்.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். மீதி அரை, 1637இல் வந்தவர்களுக்கும் முழு நீளக் கட்டுரை கைக்கு வரும் நாளில். அதுவரை ஆன் ஈட்டனைத் தேடுகிறவர்கள் விட்னி அவென்யூ நூலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். போகும் முன் திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.